“எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்வது யார்?



சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், இங்கே ஷ்லீரனில் பிறந்து வளர்ந்து இப்போது கிம்னாசியத்துக்குப் போகும் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். “மாமா, எல்லாவற்றையும் மூளைதான் செய்யுது என்று பள்ளிக்கூடத்திலே படிக்கிறம். அப்ப ஆன்மா என்னத்துக்கு?” என்று கேட்டாள். பெரியவர்களில் இருவர் முகம் சுளித்தார்கள். ஒருவர், “உதெல்லாம் பிறகு கேக்கலாம், இப்ப சூத்திரத்தைப் பாடமாக்கு” என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மெய்கண்டார் அந்தச் சூத்திரத்தை எழுதியதே, “ஆன்மா எதற்கு? உடம்பு போதாதா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத்தான். கேள்வி கேட்ட பிள்ளையை அடக்கிவிட்டு விடையை மட்டும் பாடமாக்கினால் அது படிப்பாகாது.

அன்றைக்கு நேரம் போதாமற் போய்விட்டது. எனவே அவளுக்கும், அவளைப் போல வாயைத் திறக்காமல் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும், முகம் சுளித்த பெரியவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். சூத்திரத்துக்குப் போகுமுன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னர், எழுபது வயதைத் தாண்டிய எங்கள் பெரியப்பா எங்களோடு இருந்தார். ஒருநாள் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கோப்பை இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் ஒருபக்கம் சற்றுக் கோணியது போலவும் எனக்குப் பட்டது. “என்ன பெரியப்பா?” என்று கேட்டேன். “எனக்கு ஒண்டுமில்லை. இரவு நித்திரை காணாது” என்றார். குழறாமல் தெளிவாகவே சொன்னார். ஊரில் கணக்குவழக்குப் பார்த்த மனிதர்; ஒருநாளும் பொய் சொல்லாதவர். அவர் தம் உடம்பைப் பற்றிச் சொன்னதை நாங்கள் நம்பினோம். பெரியம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தா. மத்தியானம் கதிரையை விட்டு எழும்ப முயன்று அப்படியே சரிந்து விழுந்தபோதுதான் 144ஐ அழைத்தோம்.

பாரிசவாதம். இங்கே ‘ஹிர்ன்ஷ்லாக்’ என்பார்கள். மூளையின் வலப்பாதிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. வலப்பாதி மூளை இடப்பக்க உடம்பை ஆள்வதால் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். நாங்கள் அந்த நேரத்தைக் கொத்தமல்லி அவிப்பதில் போக்கிவிட்டோம்.

வைத்தியசாலையில் இரண்டாம் நாள் டொக்டர், “இடது கையை உயர்த்துங்கள்” என்று சொல்ல நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். கை போர்வை மேலே அசையாமல் கிடந்தது. பெரியப்பா, “உயர்த்திட்டன்தானே” என்றார். மூன்றாம் நாள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, தம் இடது கையைக் கண்ணாற் காட்டி, “தம்பி, இது ஆற்றை கை?” என்று கேட்டார்.

“உங்கடை கைதானே பெரியப்பா.”

“விசர்க்கதை கதையாதை. இது சின்னவன்ரை கை. அவன் இஞ்சை விட்டிட்டுப் போயிட்டான்.”

சின்னவன் என்றது அவருடைய தம்பியை. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கு ஏனோ கோபம் வந்துவிட்டது. கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்து, “இந்த மோதிரத்தைப் பாருங்கோ, இது ஆற்றை?” என்றேன். “என்ரை மோதிரம்தான். அவன் கேளாமல் போட்டிருக்கிறான்” என்றார். சொந்தக்காரர் ஒருவர் நாவூறு என்றார். இன்னொருவர் மனிசனுக்கு அறளை பெயர்ந்துவிட்டது என்றார். ஆனால் அன்று காலைப் பத்திரிகையில் வந்த செய்தியைப் பற்றி அவர் என்னோடு ஒழுங்காகவே கதைத்தார். பெயர்களும் வருடங்களும் பிசகவில்லை. அந்தக் கை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சரியாக இருந்தது.

இந்த நிலைக்கு விஞ்ஞானத்தில் பெயர் உண்டு. பாரிசவாதம் வந்தவர் தமக்கு அது வந்திருப்பதையே அறியாதிருக்கும் நிலையை 1914இல் பாரிஸ் நகர நரம்பியல் வைத்தியர் ஜோசப் பபின்ஸ்கி எடுத்துரைத்து, ‘அனோசொக்னோசியா’ என்று கிரேக்கத்தில் பெயரிட்டார். நோயை அறியாமை என்பது பொருள். தம் கையைப் பிறர் கை என்று சொல்வது அதனோடு அடிக்கடி சேர்ந்து வரும் இன்னொரு நிலை. இரண்டும் பெரும்பாலும் மூளையின் வலப்பாதி பழுதாகும்போதே காணப்படுகின்றன; பலருக்கு நாட்கள் அல்லது வாரங்கள் செல்ல மறைந்துவிடுகின்றன. நோயாளி பொய் சொல்வதில்லை. மனம் தேற்றிக்கொள்ள நடிப்பதும் இல்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றுகிறது.

இனிச் சூத்திரத்துக்கு வருவோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்து மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட சிறிய நூல். அதன் மூன்றாம் சூத்திரம், உடம்பாகிய இயந்திரத்துக்குள் உடம்பின் வேறான ஓர் ஆன்மா உண்டு என்பதை அடுக்கிய காரணங்களால் நிறுவுகிறது. எல்லாவற்றையும் ‘இது நானல்ல, இது நானல்ல’ என்று தள்ளிக்கொண்டே போனாலும் தள்ளுகிற ஒன்று எஞ்சுகிறது என்பது முதற் காரணம். ‘எனது உடல்’ என்று சொல்கிறோம், ஆகவே உடையவன் வேறு, உடைமை வேறு என்பது இரண்டாவது. ஐம்புலன்களில் ஒவ்வொன்றும் தன் விடயத்தை மாத்திரம் அறிய, ஐந்தையும் சேர்த்து அறியும் ஒன்று இருக்கிறது. புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிவு நிகழ்கிறது. உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் உண்பதும் தொழில் செய்வதும் இல்லை, ஆகவே மூச்சும் ஆன்மா அன்று. கடைசியாக, ஆன்மா உணர்த்தினால் உணர்வது. இவ்வளவும் சில அடிகளுக்குள்.

இவற்றில் நம்மவர்கள் பிரசங்கங்களில் அதிகம் எடுத்தாளுவது இரண்டாவது காரணத்தைத்தான். ‘என் வீடு என்கிறாய், நீ வீடா? என் சட்டை என்கிறாய், நீ சட்டையா? அப்படியே என் உடம்பு என்கிறாய், நீ உடம்பா?’ என்று கேட்டால் சபை தலையாட்டும். நானும் பல தடவை ஆட்டியிருக்கிறேன். ‘என் உயிர்’ என்றும்தான் சொல்கிறோமே, அப்படியானால் உயிரும் நாமல்லவா என்று கேட்டு மடக்கும் மாணவனும் எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான். அது பழைய ஆட்சேபம். பெரியப்பாவின் கட்டிலருகே எனக்கு வந்த ஆட்சேபம் வேறு. ‘எனது’ என்று சொல்வதனால் உடையவன் ஒருவன் உண்டென்றால், ‘எனது அல்ல’ என்று அவர் சொன்னபோது என்ன நடந்தது? உடையவன் எங்கே போனான்?

இந்த ‘எனது’ என்ற உணர்வு எப்படி உண்டாகிறது என்பதைக் கடந்த சில தசாப்தங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். அதில் நாம் வாழும் சுவிற்சர்லாந்துக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. 1998இல் பொட்வினிக், கோஹென் என்ற இருவர் வெளியிட்ட இறப்பர்க் கைப் பரிசோதனை. ஒருவரை மேசைமுன் இருத்தி, அவருடைய கையை ஒரு மட்டைக்குப் பின்னால் மறைத்து வைக்க வேண்டும். அவர் கண்ணுக்குமுன் இறப்பர்க் கை ஒன்றை வைக்க வேண்டும். பிறகு இரண்டு தூரிகைகளால் மறைந்திருக்கும் கையையும் இறப்பர்க் கையையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே மாதிரித் தடவ வேண்டும். சிறிது நேரத்தில் பலருக்கு இறப்பர்க் கையே தம் கை போலத் தோன்றத் தொடங்கும். தடவுவது நேரம் தப்பினால் மயக்கம் வராது. எங்கள் பிள்ளைகள் பாத்திரம் கழுவும் கையுறைக்குள் அரிசியை நிரப்பிச் செய்து பார்த்தார்கள். ஒருவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இன்னொருத்தி, நான் கரண்டியால் கையுறையை அடிக்க ஓங்கியபோது கத்திக்கொண்டு தன் கையை இழுத்துவிட்டாள். கண் காண்பதும் தோல் உணர்வதும் ஒத்துப்போனால் மூளை ‘எனது’ என்று முத்திரை குத்திவிடுகிறது என்பதே விளக்கம். அரிசி நிரப்பிய கையுறைக்கும் அந்த முத்திரை கிடைக்கிறது.

ஜெனீவாவில் நடந்தது இதைவிட வியப்பானது. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற வந்த ஒரு பெண்ணின் மூளையில், நோயின் இடத்தைக் கண்டுபிடிப்பதற்காக ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் வைத்தியரும் அவருடைய குழுவினரும் மெல்லிய மின்னோட்டம் செலுத்தினார்கள். வலது காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள ஒரு மடிப்பைத் தூண்டியபோது, தான் மேலே மிதப்பதாகவும் கீழே கட்டிலில் தன் உடல் கிடப்பதைக் காண்பதாகவும் அந்தப் பெண் சொன்னாள். மின்னோட்டத்தை நிறுத்தினால் திரும்பி வந்துவிடுவாள். இது 2002இல் வெளியானது. பின்னர் லோசானில், 2007இல், அவருடைய குழுவினர் ஆரோக்கியமானவர்களிடமே இதற்குக் கிட்டிய ஒன்றை உண்டாக்கினார்கள். ஒருவரின் முதுகைப் பின்னாலிருந்து கமராவால் படம்பிடித்து, அவர் அணிந்த கண்ணாடித் திரையில் அவருக்கே காட்டி, முதுகைத் தடவினார்கள். முன்னால் தெரிந்த முதுகே தாம் என்று சிலருக்குப் பட்டது. பிறகு அவர்களைப் பின்னுக்கு நகர்த்தி, பழைய இடத்துக்குப் போகச் சொன்னபோது, அந்தப் பொய்யுருவம் நின்ற பக்கமாகத் தள்ளிப் போய் நின்றார்கள். அந்த ஆய்வில் தோமஸ் மெட்சிங்கர் என்ற தத்துவவாதியும் சேர்ந்து வேலை செய்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்பது தத்துவக் கேள்வியாகவும் ஆய்வுகூடக் கேள்வியாகவும் ஒருங்கே ஆகிவிட்டது.

உடலைவிட்டு உயிர் பிரிந்து மேலே நின்று பார்த்தது என்று சொல்லும் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம்; ஆன்மாவுக்கு அதுவே சாட்சி என்று மேடையில் சொல்பவர்களும் உண்டு. அந்தச் சாட்சியை இனி எடுக்காமல் விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். மின்னோட்டத்தால் வரவழைத்து மின்னோட்டத்தால் நிறுத்தக்கூடிய ஒன்றை ஆன்மா பிரிந்ததற்குச் சான்றாகக் காட்டினால், நாளை ஒரு பிள்ளை இந்த ஆய்வைப் படித்துவிட்டு வந்து ஆன்மாவையே சேர்த்துத் தள்ளிவிடும். பிழை அந்தப் பிள்ளையிடம் இராது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெரியப்பாவுக்குக் கை இருந்தது, ‘எனது’ இல்லை. கையே இல்லாமல் ‘எனது’ மட்டும் இருப்பவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். யுத்தத்தில் கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் கால் கை இழந்த எம்மவர்களில் பலருக்கு, இல்லாத பாதம் கடிக்கும். இல்லாத விரல்கள் மடங்கி நகம் உள்ளங்கையிற் குத்தும். இதை வெளியே சொன்னால் விசர் என்பார்களோ என்று சொல்லாமலே இருந்தவர்களை நான் அறிவேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த வெயர் மிட்செல் 1871இலேயே இதற்கு ‘மாய உறுப்பு’ என்று பெயர் வைத்துவிட்டார்.

இதன் காரணத்தைத் துலக்கியவர்களுள் முக்கியமானவர் ஒரு தமிழர். சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் படித்து, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன். 1990களின் தொடக்கத்தில் அவர், கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட, அவர் இல்லாத பெருவிரலைத் தொடுவதாகச் சொன்னதைக் கண்டார். மூளையில் உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டு. அதில் கைக்குரிய இடத்துக்குப் பக்கத்தில் முகத்துக்குரிய இடம் இருக்கிறது. கை போனபின் அந்த வெற்றுக் காணியை அயலான முகம் பிடித்துக்கொண்டது என்பது அவருடைய விளக்கம். பிறகு அவர் ஒரு பெட்டிக்குள் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, இருக்கும் கையின் விம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்தார். நோயாளி இரண்டு கைகளையும் விரிப்பதாக நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தபோது, வருடக்கணக்காக இறுகிக் கிடந்த மாயக் கை சிலருக்கு விரிந்தது, நோவும் குறைந்தது. எல்லோருக்கும் பலிக்கும் வைத்தியம் அல்ல இது. ஆனால் செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மட்டுமே. ஊரில் உறவினர் எவருக்காவது இந்த நோவு இருந்தால், அவரைப் பார்க்கும் டொக்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழகிய கையின் ஞாபகமே மாய உறுப்பு என்று நினைக்கத் தோன்றும். சூரிச் பல்கலைக்கழக வைத்தியசாலையில் பீட்டர் புருக்கரும் குழுவினரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அதையும் கலைத்துவிட்டது. முன்னங்கைகளும் கால்களும் இன்றியே பிறந்த ஒரு பெண்மணிக்கு, ஒருநாளும் இருந்திராத கைகால்கள் இருப்பதாகத் தெளிவான உணர்வு இருந்தது. இல்லாததை ஞாபகம் வைத்திருக்க முடியாதல்லவா? நம் தெருக்களிலிருந்து அரை மணித்தியாலத்தில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இப்படி ஒரு செய்தி இருக்கும்போது, சூத்திரம் படிக்கிற நாம் அறியாமல் இருக்கலாமா?

ஆக, ‘எனது’ என்ற உணர்வு இருந்தும் பொருள் இல்லாமற் போகலாம். பொருள் இருந்தும் உணர்வு இல்லாமற் போகலாம். உடைமை உணர்வை மூளை ஆக்குகிறது. மூளை பழுதானால் அது அழிகிறது. அப்படியென்றால் மெய்கண்டாரின் காரணம் விழுந்துவிட்டதா?

மேடையில் நாம் சொல்லும் சட்டைக் கதை விழுந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நூல் விழவில்லை. ஏனென்றால் நூல் அடுத்த சூத்திரத்திலேயே ஒரு படி மேலே போகிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்களில் ஒன்றும் ஆன்மா அன்று, அவற்றோடு கூடித்தான் ஆன்மா தொழிற்படுகிறது, அரசன் அமைச்சர்களோடு கூடியிருப்பது போல என்கிறது நான்காம் சூத்திரம். இதில் அகங்காரம் என்பதை நாம் திமிர் என்ற பொருளிலேயே எடுத்துப் பழகிவிட்டோம். சித்தாந்தத்தில் அது ‘நான், எனது’ என்று எழுப்பும் ஒரு கருவி. மாயையில் தோன்றிய சடப்பொருள். சடமான கருவி பழுதாகத்தான் செய்யும். பெரியப்பாவுக்குப் பழுதானது அந்த அமைச்சர். அரசனுக்குச் செய்தி கொண்டுபோகும் அமைச்சரே, ‘கோட்டையின் இடது மதில் நம்முடையதல்ல’ என்று சொன்னால் அரசன் எதைக் கொண்டு அறிவான்? உணர்த்தினால் உணர்வது என்ற மூன்றாம் சூத்திரத்தின் கடைசிக் காரணம் இங்கேதான் எனக்கு விளங்கியது. ஆன்மா தானே எல்லாம் அறிவதன்று. அறிவிப்பார் பிழைத்தால் அதன் அறிவும் பிழைக்கும்.

அறிவிப்பாரைத் திருத்தினால்? இத்தாலியில் பிசியாக்கும் அவரோடு சேர்ந்தவர்களும், பின்னர் இராமச்சந்திரனும் செய்த ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட நோயாளியின் இடது காதுக்குள் குளிர்ந்த நீரை விட்டால், சமநிலை உணர்வுக்கான நரம்புகள் தூண்டப்பட்டு, சொற்ப நேரத்துக்கு அவருக்கு உண்மை தெரிகிறது. இராமச்சந்திரனின் நோயாளியான ஒரு மூதாட்டி, தம் கை பல நாட்களாக விழுந்து கிடப்பதாகவே ஒப்புக்கொண்டார். நீரின் குளிர் போனபின் மீண்டும் மறுத்தார், ஒப்புக்கொண்டதையும் மறுத்தார். பல நாட்களாக என்று அவர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வாய் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் உள்ளே ஏதோ ஒன்று கணக்கு வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது ஆன்மாதான் என்று நான் துள்ளிக் குதிக்க மாட்டேன். மூளையின் வேறொரு பகுதியாக இருக்கலாம். ஆனால் ‘நான்’ என்று வாய் திறந்து பேசுவது மாத்திரமே நாம் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் காட்சியை நான்காகப் பிரிப்பார். அவற்றுள் ஒன்று தன்வேதனைக் காட்சி; தன் இன்பதுன்பத்தைத் தானே அறிவது. வெளியே உள்ளதைக் காண்பதில் மயக்கம் வரலாம், கயிறு பாம்பாகத் தெரியலாம் என்பது எல்லாத் தத்துவநூல்களிலும் உண்டு. உள்ளே நம்மை நாமே காண்பதிலும் கயிறு பாம்பாகும் என்பதுதான் மூளை விஞ்ஞானம் புதிதாகச் சேர்த்துத் தந்த செய்தி. ‘என்னைப் பற்றி எனக்குத் தெரியாததா?’ என்று இனிமேல் யாரும் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

உறக்கத்தைப் பற்றிய காரணத்தையும் தொட்டுவிட்டுப் போகிறேன். உறங்கும்போது உண்பதும் தொழிலும் இல்லை என்கிறார் மெய்கண்டார். உறக்கத்தில் எழுந்து நடப்பவர்களும், சமையலறைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் காலையில் அறியாதவர்களும் உண்டு. பேர்ணில் கிளவுடியோ பசெற்றியும் குழுவினரும், உறக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு இளைஞனின் மூளையைப் படமெடுத்து 2000இல் வெளியிட்டார்கள். மூளையின் ஒரு பகுதி விழித்தும் மற்றப் பகுதி உறங்கியும் இருந்தது. நனவு, கனவு, உறக்கம் என்ற அவத்தைகளுக்கு நாம் நினைப்பது போல இறுக்கமான வேலி இல்லை. இதனால் சூத்திரத்தின் கருத்து கெட்டுப்போகாது. எடுத்துக்காட்டைத்தான் கவனமாகச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் பிள்ளை கேட்டதுபோல எல்லாம் மூளைதானா? இதுவும் நமக்குப் புதிய வாதம் அல்ல. மணிமேகலையில் சமயக்கணக்கரைக் கேட்கும் காதையில் பூதவாதி ஒருவன் வருகிறான். தாதகிப் பூவையும் கருப்புக்கட்டியையும் கூட்டினால் கள்ளின் வெறி பிறப்பது போலப் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான். காட்சி ஒன்றே அளவை என்றும் சொல்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு, உன் தாய் தந்தை இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். இன்றைய பூதவாதிகள் அவனைவிடக் கெட்டிக்காரர்கள். பூவும் கட்டியும் எங்கே எப்படிக் கூடுகின்றன என்று படமெடுத்தே காட்டுவார்கள். ஆயினும் கூடினால் ஏன் வெறி, ஏன் நோவு, ஏன் உள்ளே ‘ஒரு மாதிரி இருக்கிறது’ என்ற அனுபவம் என்பதற்கு அவர்களிடம் இன்னும் விடை இல்லை. 1998இல் கிறிஸ்ரொஃப் கோக் என்ற மூளை விஞ்ஞானி, இருபத்தைந்து வருடத்துக்குள் உணர்வுக்குரிய மூளை இயக்கம் தெளிவாகக் கண்டுபிடிக்கப்படும் என்று டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதியோடு பந்தயம் கட்டினார். 2023இல் நியூயோர்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு பெட்டி வைன் கொடுத்தார். அதற்காக ஆன்மா நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று நாம் பொங்கல் பொங்க வேண்டியதில்லை. கோக் தோற்றதனால் மெய்கண்டார் வென்றார் என்று ஆகாது. அந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

நான் அந்தப் பிள்ளைக்குச் சொல்வது இதுதான். மகள், மூளை செய்கிறது என்று உனக்குச் சொல்லித் தந்ததை மறக்காதே. கருவி எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பழுதாகிறது என்பதை அங்கே நன்றாகப் படி. அதைப் படித்துவிட்டு வந்து நான்காம் சூத்திரத்தைப் பார்த்தால், அமைச்சர்கள் எத்தனை பேர் என்று எங்களைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அரசன் ஒருவன் உண்டா என்ற கேள்வியை அதற்குப் பிறகு நீ கேள். அப்போது சட்டைக் கதையைச் சொல்லி உன்னை யாரும் ஏமாற்ற முடியாது.

பெரியவர்களுக்கு ஒன்று. வீட்டில் ஒருவருக்கு முகம் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே 144. அவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அப்படிச் சொல்வதே நோயின் ஒரு பகுதியாக இருக்கலாம்.

பெரியப்பாவுக்கு நான்கு கிழமையில் ‘சின்னவன்ரை கை’ போய்விட்டது. ஒருநாள் பயிற்சி கொடுக்கும் பெண் அந்தக் கையைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தபோது, “மெல்லப் பிடி பிள்ளை, நோகுது” என்றார். எங்களுக்கு அது போதுமாயிருந்தது. கை முழுதாகத் திரும்பவில்லை. முன்பு அப்படிச் சொன்னீர்களே என்று கேட்டால், “நான் சொன்னேனோ? சொல்லியிருப்பன்” என்று சிரிப்பார். மோதிரத்தை மட்டும் வலது கைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

அடுத்த படிப்பில் நான்காம் சூத்திரத்தையும் ஐந்து அவத்தைகளையும் எடுத்துக்கொள்வோம். இறப்பர்க் கைப் பரிசோதனையைச் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஒரு கையுறையும் இரண்டு தூரிகையும் கொண்டு வரவும். அரிசி நான் கொண்டு வருகிறேன்.